கம்பிக்கு வெளியே ஒரு குசினி

டன்மோர் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த அகதாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு குசினி. நகை கேட்டாளா, நிலம் கேட்டாளா, ஊருக்குக் கப்பல் ஏற ஆசைப்பட்டாளா, ஒன்றும் கிடையாது. தன் இஷ்டத்துக்கு உலை வைத்து, தன் நாக்குக்குச் சமைத்துச் சாப்பிட ஓர் அடுப்பு போதும் என்றாள். அந்த ஓர் அடுப்புக்காக ஒரு லைசென்ஸ் கண்டிராக்டரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் ஒரு லோரிப் பட்டாளமும் பட்ட பாட்டைச் சொன்னால் நம்புவது கஷ்டம். பட்டவளுக்கே பல நாள் நம்ப முடியவில்லை.

அவள் பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில்தான். பாவாடை கட்டத் தெரிந்த வயதில் பங்களாவுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். அங்கேயே சமையல் கற்றாள். லியோனார்டைக் கட்டினாள். ஜப்பான்காரன் காலத்தில் லியோனார்ட் சயாம் ரயில் பாதைக்குப் போனான், திரும்பவில்லை. பிள்ளை இல்லை. பங்களாவின் பின்னறையில் படுத்து, காலையில் எழுந்து, மறுபடி அதே அடுப்பைப் பற்ற வைத்தாள். துரைகள் மாறினார்கள், துரைசானிகள் மாறினார்கள். ஒருத்திக்குப் பூண்டு வாடை ஆகாது, அடுத்தவளுக்கு மஞ்சளைப் பார்த்தாலே தும்மல். எல்லா நாக்குக்கும் அகதா சமைத்தாள். அவளுடைய நாக்கைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அப்போதுதான் மலாய் நாட்டில் எமர்ஜென்சி வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று, தோட்டத்து ஓரங்களில் சிதறிக் கிடந்த சனங்களை எல்லாம் சர்க்கார் ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டது. அசாம் ஜாவா என்ற ஊருக்கு இந்தப் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிய இடத்தில் ஒரு புதுக் கம்பம், அதாவது குடியிருப்பு, முளைத்தது. மனை வேண்டுமென்றால் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீடு மட்டும் லைசென்ஸ் உள்ள கண்டிராக்டர்தான் கட்ட வேண்டும். அகதா ஓடிப் போய்க் கடைசி வரிசையில் ஒரு மனை வாங்கினாள். பின்னால் ரப்பர் காடு, நல்ல காற்று, புகை தங்காது என்று கணக்குப் போட்டாள். கணக்கில் தப்பில்லை. கண்டிராக்டரில்தான் தப்பு.

கண்டிராக்டர் நல்லசாமி முன்பு மண்டோராக, அதாவது தோட்டத்துக் கங்காணியாக, இருந்தவர். லைசென்ஸ் கிடைத்ததும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டே ஊர் சுற்றினார். யாராவது வேலையில் குறை சொன்னால் வாயைத் திறக்க மாட்டார், சட்டத்தை அவிழ்த்துக் காட்டுவார். மண்டோராக இருந்த காலமெல்லாம் ரப்பர் கன்று நட நிரை பிடித்தவர் அவர். லயம், கோயில், ஆட்டுக்கொட்டகை எதுவானாலும் தோட்டத்தில் மர நிரையை ஒட்டித்தான் நிற்கும். அதனால் அகதாவின் மனைக்கு வந்ததும், சர்வேக்காரன் அடித்துவிட்டுப் போன முளைக்குச்சிகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. வெட்டாமல் நின்ற ரப்பர் நிரைக்கு நேராகக் கயிறு பிடித்தார். மரம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

வீடு எழும்பியது. பலகைத் தரை, பலகைச் சுவர், தகரக் கூரை. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு குசினி. குசினியில் மண் நிரப்பிய பெட்டி மேல் இரட்டை வாய் அடுப்பு. அகதா அந்த அடுப்பைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். மறு வாரம் கம்பி போடும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு மரமும் தெரியாது, நிரையும் தெரியாது, கையிலிருந்த வரைபடம்தான் தெரியும். வரைபடத்துக் கோடு நேராக வந்து, அகதாவின் கூடத்துக்கும் குசினிக்கும் நடுவே புகுந்து போனது. வீட்டை இடிக்க அவர்களுக்கு உத்தரவு இல்லை, கோட்டை வளைக்கவும் உத்தரவு இல்லை. ஆகவே வீட்டின் இந்தப் பக்கச் சுவர்வரை கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அந்தப் பக்கச் சுவரிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். நடுவில் வீடே வேலி. கூடம் கம்பத்துக்கு உள்ளே, குசினி வெளியே.

கம்பிக்கு வெளியே அரிசி போகக் கூடாது. பருப்பு, சீனி, கருவாடு எதுவும் போகக் கூடாது. பால் டின் போனால், பதுக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் போக வேண்டும். தண்ணீர் போகலாம். ஆக, கூடத்திலிருந்து குசினிக்குப் போகும் வாசற்படி சட்டப்படி ஒரு கேட் ஆகிவிட்டது. கேட் என்றால் காவல் வேண்டாமா? செல்லையா என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளைத் துப்பாக்கியோடு அனுப்பி, கூடத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் ஆள் வேண்டும் என்று, புல்வெட்டு வேலை பார்த்த நவமணியை அங்கே மாற்றினார்கள். அகதா தன் குசினிக்குள் நுழைய ஒவ்வொரு தடவையும் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும், நவமணி மடியைத் தடவிப் பார்க்க வேண்டும்.

"எங்க போறீங்க?" என்று செல்லையா கேட்பான். கேட்டே ஆக வேண்டும் என்பது விதி.

"அடுப்பாண்ட."

"எதுக்கு?"

"தண்ணி கொதிக்க வைக்க. வேற எதுக்கு விடுறீங்க?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. கேக்கலன்னா எனக்குச் சம்பளத்துல பிடிச்சிருவாங்க."

வீட்டை மந்திரிக்க ஃபாதர் வந்தார். கூடத்தை மந்திரித்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார். அவருக்குக் கம்பிக்கு வெளியே போகப் பாஸ் இல்லை. வாசற்படியில் நின்று, கையை நீட்டி, எட்டிய மட்டும் தீர்த்தம் தெளித்தார். தண்ணீர்தானே, செல்லையா தடுக்கவில்லை. அடுப்புவரை தீர்த்தம் எட்டியதா இல்லையா என்று அகதாவுக்கு ரொம்ப நாள் மனசு உறுத்தியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், துரை பங்களாவும் கம்பிக்கு வெளியேதான் இருந்தது. அங்கே மூட்டை மூட்டையாய் அரிசி. அகதா காலையில் கம்பத்துப் பெரிய கேட்டில் சோதனை கொடுத்து வெளியேறி, துரை குசினியில் வேண்டியமட்டும் வடித்துக் கொட்டிவிட்டு, மாலையில் சோதனை கொடுத்து உள்ளே வருவாள். வந்து, தன் கூடத்தில் மண்ணைக் கொட்டி மூன்று கல்லை வைத்து, புகையில் இருமிக்கொண்டே கஞ்சி காய்ச்சுவாள். பக்கத்தில் செல்லையாவும் இருமுவான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நல்லசாமியைத் தேடிப் போனாள். அவர் சட்டத்தை அவிழ்த்தார்.

"இது இருக்கு பாருங்கம்மா, சர்க்கார் முத்திரை. இத வச்சிருக்கிறவன் கோணலா கட்டுவானா? வீடு நேரா இருக்கு. கம்பிதான் கோணல்."

"அப்ப குசினிக்குள்ள என்னைச் சோறாக்க விடச் சொல்லுங்க."

"அது எமர்ஜென்சி வேலை. என் வேலை இல்ல."

கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறினாள். கண்டிராக்டர்கள் மேல் புகார் கேட்கும் ஆபீஸில் டெஸ்மண்ட் என்ற கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்த முகம். மரியாதையாகத்தான் விசாரித்தான்.

"கூரை ஒழுகுதாக்கா?"

"இல்ல."

"பலகை விரிசல்? கதவு மூட மாட்டேங்குதா?"

"கதவு நல்லாத்தான் மூடுது. தொறக்கத்தான் போலீஸ் வேணும்."

"அப்படின்னா வேலையில குறை எதுவும் இல்லையேக்கா. எடம் மாறி இருக்கிறது குறையில சேராது. வேற ஏதாச்சும் இருக்கா, யோசிச்சுப் பாருங்க."

அகதா யோசித்தாள். வீட்டுக் கால்களை மண்ணில் புதைக்காமல், சோம்பேறித்தனத்தில் வெறும் கல்லின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார் நல்லசாமி. இரண்டு பேர் சேர்ந்து சாய்ந்தால் வீடு முனகுகிறது. அதைச் சொன்னாள். டெஸ்மண்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படிச் சொல்லுங்க, இது குறை, இதுக்கு அதிகாரியைக் கூட்டி வர்றேன் என்றான்.

அதிகாரி வருவதற்கு முன் பட்டாளம் வந்துவிட்டது. கம்பிக்கு வெளியே பத்தடிக்கு வெட்டவெளி இருக்க வேண்டும், புதரோ கொட்டகையோ ஒன்றும் நிற்கக் கூடாது, சுடுவதற்கு மறைக்கிறது என்று ஒரு சார்ஜென்ட் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். குசினிச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான். சனிக்கிழமை இடிப்பார்கள் என்றான் செல்லையா. சொல்லும்போது அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. அகதா அந்தக் குறியைப் பார்த்தாள். ஈரத்துணியால் துடைத்தாள், போகவில்லை. அன்றைக்கு அவள் கூடத்தில்கூட அடுப்பு மூட்டவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். புதுக் கம்பங்களைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரர், வயது குறைவு, முகமெல்லாம் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. துரை பங்களாவில் அடிக்கடி சாப்பிடுகிறவர். அகதாவின் கையால் எத்தனையோ தட்டு காலி செய்தவர். அவளைப் பார்த்ததும், எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்பதுபோல் நெற்றியைச் சுருக்கினார். ஒரு பக்கம் டெஸ்மண்ட் மொழிபெயர்க்க நின்றான். மறுபக்கம் நல்லசாமி சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கம்பியை நகர்த்தலாமா என்று முதலில் பேச்சு. முடியாது, வரைபடம் ரகசியம் என்று முத்திரை குத்தி மேலே போய்விட்டது, ரகசியத்தைத் திருத்த வேண்டுமானால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பிரித்துப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. குசினியை இடித்துவிட்டு முன்பக்கம் வேறு கட்டலாமா? ஒரு மனைக்கு ஒரு குசினிக்குத்தான் அனுமதி, அதைக் கட்டி முடித்தாயிற்று. அகதா நடுவில் புகுந்தாள்.

"துரை பங்களா குசினியும் கம்பிக்கு வெளியதான் இருக்கு. அதையும் இடிப்பாங்களான்னு கேளு தம்பி."

டெஸ்மண்ட் தயங்கி, பாதியை விழுங்கிக்கொண்டு கேட்டான். அதிகாரி இருமினார். அது வேறு விஷயம் என்றார்.

"வேற விஷயம்தான். அந்தக் குசினியில நீங்க சாப்பிடுறீங்க. இந்தக் குசினியில நான் சாப்பிடணும்."

இதை டெஸ்மண்ட் அப்படியே சொல்லிவிட்டான். அதிகாரிக்கு அப்போதுதான் அவள் யார் என்று விளங்கியது. காது மடல்வரை இன்னும் சிவந்தார். நல்லசாமியைப் பார்த்து, இந்தக் குறைக்கு நீர் என்ன பரிகாரம் செய்யப் போகிறீர் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்.

நல்லசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னய்யா பண்ணச் சொல்றாரு? மலாய்க்காரன் தூக்குற மாதிரி வீட்டத் தூக்கி உள்ளுக்கு வைக்கட்டுமா? அதையும் பண்ணிருவோமே லா."

குத்தலாகச் சொன்ன பேச்சு அது. ஆனால் டெஸ்மண்ட் சர்க்கார் கிராணி. பேச்சை மொழிபெயர்க்கத்தான் அவனுக்குச் சம்பளம், குத்தலை மொழிபெயர்க்க இல்லை. கண்டிராக்டர் வீட்டைத் தூக்கி உள்ளே வைக்கத் தயாராக இருக்கிறார் என்றான். அதிகாரி எழுந்து வந்து நல்லசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபீஸர் கையைப் பிடித்துக் குலுக்கியபின் இல்லை என்று சொல்ல எந்த மண்டோருக்கு மனசு வரும்?

அகதா மட்டும், "சனிக்கிழமைக்குள்ள தூக்குங்க" என்றாள்.

அசாம் ஜாவாப் பக்கம் வீடு தூக்குவது அதிசயம் இல்லை. ஓரிடம் சரியில்லை என்றால் மலாய்க் கம்பத்து ஆண்கள் கூடி, மூங்கிலைக் கட்டி, வீட்டை அப்படியே தோளில் வைத்து வேறிடம் கொண்டுபோவார்கள். கூலி கிடையாது. வீட்டுக்காரர் சோறு போட வேண்டும், அதுதான் வழக்கம். பாக் சமாட் என்ற பெரியவர் வந்து அகதா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கால்கள் மண்ணில் புதையாமல் கல்லின் மேல் நிற்பதைக் கண்டு, கட்டியவர் கெட்டிக்காரர் என்றார். நல்லசாமி அதையும் ஒப்புக்கொண்டார்.

இப்போது சோறுதான் சிக்கல். தூக்குகிறவர்கள் ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும், வீட்டை இறக்கி வைத்தபின் உலை வைத்தால் நேரம் போதாது. முன்னாடியே வடிக்கலாம் என்றால் குசினி இன்னும் வெளியே இருக்கிறது.

"எங்க வீட்டுல ஆக்கிக்கலாம்க்கா" என்றாள் நவமணி.

"என் வீட்டத் தூக்குறவங்களுக்கு உன் வீட்டுச் சோறா? அது எந்த ஊரு ஞாயம்? போறப்பவே ஆக்குறேன்."

"எது போறப்ப?"

"வீடு போறப்ப."

நல்லசாமி தலையில் கை வைத்தார். பலகை வீடு, எரிகிற அடுப்போடு தூக்குவதா, பற்றிக்கொண்டால் என் லைசென்ஸ் என்னாவது என்றார். அடுப்பு நல்லா கட்டியிருக்கீங்கன்னா ஏன் பத்திக்கப் போகுது என்று அகதா கேட்டாள். அதிகாரி விதிகளைப் புரட்டிப் பார்த்தார். நகர்ந்துகொண்டிருக்கும் குசினியைப் பற்றி எந்த விதியும் எதுவும் சொல்லவில்லை. கோட்டைத் தாண்டும்வரை தண்ணீர் மட்டும், தாண்டிய பிறகு அவள் விருப்பம் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு வேண்டிய அரிசிக்கும் அனுமதி கொடுத்தார்.

சனிக்கிழமை காலை கம்பமே கூடிவிட்டது. அசாம் ஜாவாவிலிருந்து பாக் சமாட்டின் ஆட்கள், தோட்டத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆட்கள், இடிக்க வந்து ஏமாந்துபோன ஒரு லோரிப் பட்டாளம். வீடு நகர்ந்தால் வேலியில் வீட்டளவு ஓட்டை விழும் அல்லவா? அதை அடைக்க அந்தப் பட்டாளத்தையே துப்பாக்கியோடு வரிசையாக நிறுத்தினார்கள். கோடு எங்கே என்று தெரிய அதிகாரி தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, பக்கத்தில் டெஸ்மண்டோடு நின்றார். கூடத்தில் செல்லையா முக்காலியை விட்டு எழவில்லை. பணி நேரத்தில் கேட்டை விட்டு நகரக் கூடாது, கேட் நகர்ந்தால் கூடவே நகரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நவமணி அரிசிக் கூடையை இடுக்கிக்கொண்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கம், குசினியில், அகதா அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாயில் உலைத் தண்ணீர். மறுவாயில் குழம்புச் சட்டி, அதிலும் தண்ணீர்தான். எல்லாம் புதுச் சட்டி, புதுப் பானை. சாப்பிடப் போகிறவர்களில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள் என்று அவளே தேடி வாங்கியது. பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர ஊரிலிருந்து வந்த மீன் கூடத்தில் காத்திருந்தது.

"சாத்து, டுவா, தீகா" என்று மலாயில் மூன்றுவரை எண்ணினார் பாக் சமாட்.

வீடு முனகியது. எழும்பியது. ஜன்னலில் ரப்பர் மரங்கள் ஒரு முழம் கீழே போயின. உலை தளும்பியது, அகதா இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். தரைக்கு அடியில் எத்தனையோ கால்கள் சேர்ந்து நடக்கும் சத்தம். "மெதுவா, மெதுவா, என் லைசென்ஸ்" என்று நல்லசாமி கத்திக்கொண்டே பக்கத்தில் ஓடினார். அவர் சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே மறந்துவிட்டார், சட்டமும் அதில்தான் இருந்தது.

பாதி வழியில் மூச்சு வாங்க இறக்கினார்கள். அதிகாரி குனிந்து கயிற்றைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். டெஸ்மண்டிடம் ஏதோ சொன்னார்.

டெஸ்மண்ட் ஜன்னலோரம் வந்து குரல் கொடுத்தான். "அக்கா, சோத்து வாய் உள்ள வந்திருச்சாம். கொழம்பு வாய் இன்னும் வெளியதான் இருக்காம். அரிசியப் போடலாம். மீனப் போடக்கூடாது."

நவமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கூடையை நீட்டினாள். செல்லையா கார்டு கேட்கவில்லை. அகதா அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். தன் கையால், தன் உலையில். கொதி அடங்கி, திரும்பவும் மேலே எழும்பும் வரை அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா, புகையா என்று நவமணிக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

மறுபடி தூக்கினார்கள். குழம்பு வாய் கயிற்றைத் தாண்டியதும் வெளியே தோட்டத்து ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். அகதா புளியைக் கரைத்து ஊற்றினாள், மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள், மீனைப் போட்டாள். வீடு ஆடியதால் மத்து, கரண்டி எதுவும் தேவைப்படவில்லை, குழம்பு தானாகவே கலந்துகொண்டது. வேலி இருந்த இடத்தில் நின்ற பட்டாளத்துக்காரர்கள், வாசனை வந்த பக்கம் திரும்பக் கூடாது என்ற உத்தரவால் காட்டையே முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டை இறக்கி வைத்தபோது மேற்குப் பக்கம் ஒரு விரல் சாய்ந்திருந்தது. கல் வைத்துச் சரி பண்ணிவிடுகிறேன் என்றார் நல்லசாமி. தொடாதீங்க என்றாள் அகதா. புகார் தீர்ந்துவிட்டதா என்று அதிகாரி கேட்கச் சொன்னார்.

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லு தம்பி."

எல்லோருக்கும் வாழையிலையில் போட்டாள். பாக் சமாட்டின் ஆட்களுக்கு முதலில், பிறகு தோட்டத்து ஆட்களுக்கு, அதிகாரிக்கு, கண்டிராக்டருக்கு, செல்லையாவுக்கு, நவமணிக்கு. கடைசியில் தனக்கு ஒரு தட்டு போட்டுக்கொண்டு, குசினித் தரையில் அடுப்புக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். பங்களா குசினியில் அவள் ஒருநாளும் காலை நீட்டியதில்லை.

அதிகாரி ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டுக் கண் கலங்கித் தண்ணீர் கேட்டார். பங்களாவில் தின்ற கைப்பக்குவம் இது இல்லையே என்று அவர் முகத்தில் தெரிந்தது. டெஸ்மண்ட் வாசற்படியில் நின்று மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஒறைப்பும்தான்."

"ஆமாங்கக்கா" என்றாள் நவமணி.

நல்லசாமிக்குச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. "இதுக்கு யாருகிட்டப் புகார் குடுக்கிறது?" என்றார் சத்தமாக. எல்லோரும் சிரித்தார்கள்.

அகதா ஒரு வாய் பிசைந்து போட்டு, கண்ணை மூடி மென்றாள். இத்தனை வருடமும் அடுத்தவர் நாக்குக்கே பார்த்துப் பார்த்துப் போட்டதில், தன் நாக்குக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இன்றைக்குக் கை தானாக அள்ளிப் போட்டிருக்கிறது.

"எனக்குச் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.